சியர்லீடிங் விளையாட்டுதானா?

கேள்வி இதுதான்: சியர்லீடிங்கை விளையாட்டு என்று ஏற்கலாமா? பந்து கிடையாது, கோல் கிடையாது, எதிரே நின்று மறிக்க ஆள் கிடையாது. வேறு யாரோ ஆடும் ஆட்டத்துக்குக் கூட்டத்தின் கைதட்டலைச் சேர்த்துக் கொடுப்பதுதானே அவர்கள் வேலை?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்டியில் இறங்கி ஜெயிப்பதற்காகவே பயிற்சி எடுக்கும் சியர் அணி செய்வது விளையாட்டுதான். அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. மைதானத்தின் ஓரத்தில் நின்று ரசிகர்களை உற்சாகப்படுத்துவது விளையாட்டில் சேராது; அது வேறு கலை, அதற்கு அதன் மரியாதை உண்டு. ஆனால் அமெரிக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பெரும்பாலும் அதே பெண்கள், அதே சீருடையில், அதே பயிற்சியாளரின் கீழ் இந்த இரண்டையும் செய்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் கோஷம் போடும் அணி, சில வாரம் கழித்து நடுவர்கள் முன்னால் போட்டியில் இறங்குகிறது. இந்த இரண்டையும் பிரிக்காமல் பேசுவதால்தான் இந்த வாதம் இத்தனை ஆண்டுகளாக முடிவுக்கு வராமல் இழுக்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது, விளையாட்டு என்றால் என்ன, கலை என்றால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பள்ளி நிர்வாகத்தின் பக்கம் போய்ப் பார்த்தால் அதில் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியும். ஒன்றை விளையாட்டு என்று பதிவு செய்துவிட்டால் பயிற்சியாளருக்குத் தகுதி கேட்பார்கள். பயிற்சி நேரத்துக்கு வரம்பு வரும். பருவம் தொடங்கும் முன் மருத்துவப் பரிசோதனை நடக்கும். அடிபட்டால் பார்க்கப் பயிற்சி பெற்ற ஆள் இருப்பார். உடற்பயிற்சிக் கூடத்தில் கூடைப்பந்து அணிக்கு இருப்பதுபோல் இந்த அணிக்கும் நேரம் ஒதுக்குவார்கள். பதிவு செய்யாவிட்டால் அது நாடக மன்றம், பேச்சு மன்றம் போல ஒரு மன்றம். கூடம் காலியாக இருந்தால் அங்கே பயிற்சி, இல்லையென்றால் நடைபாதையிலோ சாப்பாட்டுக் கூடத்திலோ, கெட்டித் தரையில். ஒரு பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் பயிற்சி கெட்டித் தரையில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

இதன் தொடக்கம் ஆண்களிடம்தான். 1898 நவம்பர் 2 அன்று மினசோட்டா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி தொடர் தோல்வியில் துவண்டிருந்தபோது, ஜானி கேம்ப்பெல் என்ற மாணவர் கூட்டத்தின் முன்னால் வந்து நின்று கோஷத்தை நடத்தினார். முறையான சியர்லீடிங்கின் பிறந்தநாளாக அந்தத் தேதியைத்தான் சொல்கிறார்கள். வெகு காலம் இது கல்லூரி ஆண்கள் பெருமையாக நினைத்த பொறுப்பு. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஐசன்ஹோவர், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் கால்பந்து ஆடி முழங்காலைக் கெடுத்துக்கொண்ட பிறகு சியர்லீடராக இருந்தவர். மினசோட்டாவில் 1923-இல் பெண்கள் உள்ளே வந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்கு ஆண்கள் போனபோது காலியான இடங்களைப் பெண்கள் நிரப்பினார்கள், பிறகு அது அவர்களுடையதாகவே ஆனது. 1948-இல் லாரன்ஸ் ஹெர்க்கிமர் தேசிய சியர்லீடர்கள் சங்கத்தைத் தொடங்கிப் பயிற்சி முகாம்கள் நடத்தினார். கையில் பிடித்து ஆட்டும் பாம்பாமுக்குக் காப்புரிமை பெற்றவரும் அவர்தான். ஒரு காலை மடக்கி மறு காலை நீட்டித் துள்ளும் 'ஹெர்க்கி' தாவலுக்கு அவர் பெயர்தான்.

1972-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. டல்லாஸ் கவ்பாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி தொழில்முறை நடனக் குழு ஒன்றை ஓரத்தில் இறக்கியது. உலகத்தின் பெரும்பகுதி இன்றும் 'சியர்லீடர்' என்றதும் நினைப்பது அந்தக் குழுவைத்தான். அதே ஆண்டில், அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனங்களில் பாலின அடிப்படையில் பாகுபாடு கூடாது என்ற 'டைட்டில் நைன்' சட்டம் வந்தது. பெண்களுக்கும் ஆண்களுக்கு நிகரான விளையாட்டு வாய்ப்பு தரவேண்டிய கட்டாயம் அதிலிருந்து பிறந்தது. 1974-இல் ஜெஃப் வெப் என்பவர் தொடங்கிய நிறுவனம், ஜிம்னாஸ்டிக்ஸின் குட்டிக்கரணங்களையும் மனிதக் கோபுரங்களையும் சியர்லீடிங்குக்குள் கொண்டுவந்து போட்டிகளும் நடத்தியது. 1980-களில் அந்தப் போட்டிகள் தொலைக்காட்சிக்கு வந்தன. அன்றிலிருந்து இது இரண்டு கிளை. ஒரு கிளை ஆட்டத்தின் ஓரத்தில் நிற்கிறது, இன்னொரு கிளைக்குத் தானே ஆட்டம்.

தொழில்முறை ஓரக் குழுக்களின் பிரச்சினை முற்றிலும் வேறு. 2014-இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் சியர்லீடர்கள் நியாயமான கூலி கேட்டு வழக்குப் போட்டார்கள், அணி சமரசத்துக்கு வந்தது. அது தொழிலாளர் உரிமை. விளையாட்டா இல்லையா என்ற கேள்வியோடு அதைச் சேர்த்தால் இரண்டுமே தெளிவாகாது, அதனால் அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

போட்டிக்காரர்கள் செய்வதைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்ப்போம். 'பேஸ்கட் டாஸ்' என்று ஒன்று உண்டு. எறிபவர்கள் இருவர் எதிரெதிரே நிற்பார்கள். அவர்களை 'பேஸ்' என்பார்கள். ஒவ்வொருவரும் ஒரு கையால் தன் மணிக்கட்டையே பிடித்து, மறு கையால் எதிரே இருப்பவரின் மணிக்கட்டைப் பிடிக்க, நான்கு கைகளும் ஒரு சதுரமாகப் பின்னிக்கொள்ளும். மேலே போகிறவர் 'ஃப்ளையர்'. அவர் இரு பேஸ்களின் தோளைப் பிடித்து அந்தச் சதுரத்தின் மேல் பாதங்களை வைக்கிறார். பின்னால் நிற்கும் 'பேக் ஸ்பாட்' அவரைத் தாங்கி மேலே தள்ளத் தயாராக நிற்கிறார். எண்ணிக்கை ஓடுகிறது. எல்லோரும் ஒரே நொடியில் முழங்காலை மடக்கி, ஒரே நொடியில் நிமிர்ந்து, கைகளை வானத்தை நோக்கி வீசுகிறார்கள். கையால் மட்டும் எறிந்தால் உயரம் வராது, விசை தொடையிலிருந்து வரவேண்டும். ஒருவர் அரை நொடி முந்தினால் ஃப்ளையர் நேராகப் போகாமல் சாய்ந்து போவார்.

நன்றாகப் பழகிய அணி இருபது அடி வரைகூட எறியும். போகும்போது ஃப்ளையர் எதுவும் செய்யக்கூடாது, உடம்பை ஈட்டிபோல் இறுக்கி வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் காலைத் தூக்கினால் உயரம் அங்கேயே போய்விடும். உச்சியில் ஒரு கணம் எடை இல்லாததுபோல் இருக்கும். உதைப்பது, சுழல்வது, காலை விரித்துத் தொடுவது எல்லாம் அந்தக் கணத்தில்தான். இறங்கும்போது முதுகு கீழ்நோக்கி, உடம்பு இடுப்பில் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கீழே இருப்பவர்கள் கைகளை உயரத்திலேயே நீட்டிச் சீக்கிரமாகத் தொட்டு, முழங்காலை மடக்கியபடி கூடவே இறங்கி அந்த வேகத்தை விழுங்குகிறார்கள். தலையும் கழுத்தும் பேக் ஸ்பாட்டின் பொறுப்பு. மேலே இருப்பவர் தடுமாறினால் ஓடிப் பிடிக்க வேண்டியவர்கள் இவர்கள்தான், வேறு வலை எதுவும் கிடையாது.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. பேஸ்களின் உள்ளங்கையில் ஒற்றைக் காலில் நிற்கும் 'லிபர்ட்டி' நிலையில், மேலே இருப்பவர் தன் சமநிலையைத் தானே பார்த்துக்கொள்ள முயலக்கூடாது என்றுதான் சொல்லிக் கொடுப்பார்கள். அவர் இறுக்கமாக நின்றால் போதும், சமநிலையைக் கீழே இருப்பவர்கள் தங்கள் கைகளாலும் கால்களாலும் பார்த்துக்கொள்வார்கள். மேலே இருப்பவர் தானே சரிசெய்யப் போனால் இரண்டு திருத்தங்கள் மோதிக்கொண்டு எல்லாம் சரியும். ஒருவர் உடம்பின் சமநிலையை இன்னொருவர் உடம்பிடம் முழுதாக ஒப்படைக்கும் குழு விளையாட்டு எனக்குத் தெரிந்து வெகு சிலவே.

இவையெல்லாம் இரண்டரை நிமிடத்துக்குள். ஐம்பத்து நான்கடிக்கு நாற்பத்திரண்டடி தரையில், இருபது பேர் அளவில் உள்ள அணி, கோபுரம், எறிதல், கரணம், தாவல், நடனம் என்று மூச்சு விடாமல் செய்து முடிக்கவேண்டும். பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸின் தரைப் பயிற்சி தொண்ணூறு நொடிதான், அதுவும் தனியாள். நடுவர்கள் கடினம், நேர்த்தி, ஒருங்கிணைப்பு என்று பிரித்து மதிப்பெண் போடுகிறார்கள், விழுந்தால் கழிக்கிறார்கள்.

இவ்வளவு சொன்னாலும், "இது கஷ்டம், அதனால் விளையாட்டு" என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. சியர்லீடிங்கை நேசிப்பவர்கள் எடுத்ததும் இதைத்தான் சொல்கிறார்கள், எதிர்த்தரப்பும் எளிதாக இதை உடைத்துவிடுகிறது. பாலே நடனக்காரரின் உடம்பு எந்த ஓட்டக்காரரின் உடம்புக்கும் குறைந்ததில்லை. சர்க்கஸில் ஊஞ்சலில் பறப்பவர் உயிரைப் பணயம் வைக்கிறார். அவர்களை யாரும் விளையாட்டு வீரர் என்று சொல்வதில்லை, அவர்களும் அப்படிக் கேட்பதில்லை. மறுபுறம், சதுரங்கத்தைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 1999-இலேயே விளையாட்டாக அங்கீகரித்துவிட்டது. அங்கே வியர்வை கணக்கில் இல்லை. ஒரு காரியம் விளையாட்டாவது அது போட்டியாக அமைக்கப்பட்டிருக்கும் விதத்தால்: எல்லோருக்கும் பொதுவான விதி, முன்கூட்டியே தெரிந்த மதிப்பீடு, நிகரான எதிரணிகள், ஜெயிப்பதையே முதல் நோக்கமாகக் கொண்ட பயிற்சி. இந்த நான்கும் இருந்தால் அது விளையாட்டு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் எவ்வளவு கடினமானாலும் அது வேறொன்று.

"நடுவர் மதிப்பெண் போட்டு ஜெயிப்பதெல்லாம் விளையாட்டா?" என்ற எதிர்ப்பு இதனால் நிற்காது. ஜிம்னாஸ்டிக்ஸ் 1896-இல் முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே இருந்தது, பனித்தளத்தில் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் 1908-இல் வந்தது, நீரில் குழுவாக ஆடும் நீச்சல் 1984-இல் வந்தது. கடைசியாகச் சொன்னதில் இசை உண்டு, அலங்காரம் உண்டு, புன்னகை உண்டு, ஒருவரை ஒருவர் தூக்கி எறிவதும் உண்டு. அது விளையாட்டென்றால், சியர்லீடர்களின் ரிப்பனையும் புன்னகையையும் காட்டி இதைத் தள்ளுவது எந்த விதத்தில் நியாயம்? நடுவர் தீர்ப்பு ஓரவஞ்சனைக்கு இடம் தரும் என்பது உண்மை. 2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங்கில் அது பெரிய ஊழலாகவே வெடித்தது. அதற்காக அதை ஒலிம்பிக்கிலிருந்து தூக்கவில்லை, மதிப்பெண் முறையை மாற்றினார்கள்.

நான் சொன்ன நான்கு அளவுகோல்களும் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு இரண்டு அமெரிக்கத் தீர்ப்புகள் நல்ல சாட்சி. ஒன்று விளையாட்டு என்றது, மற்றது இல்லை என்றது.

முதலாவது விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத்தில், 2009 ஜனவரியில். ஒரு பள்ளி சியர்லீடர், கூடைப்பந்து ஆட்டத்துக்கு முன் ஒரு தூக்கலைப் பழகும்போது பின்பக்கமாக விழுந்து தலையில் அடிபட்டார். கீழே மேட் (மெத்தை விரிப்பு) இல்லை. பிடிக்கவேண்டிய சக மாணவர் முன்பக்கம் நின்றிருந்தார். வழக்கு போனது. அந்த மாநிலச் சட்டப்படி, உடல் தொடர்பு உள்ள குழு விளையாட்டில் கவனக்குறைவுக்காகச் சக ஆட்டக்காரர் மேல் வழக்குப் போட முடியாது. வேண்டுமென்றோ, விளைவைப் பற்றிய அக்கறையே இல்லாமலோ செய்திருந்தால்தான் முடியும். எதிரணியோடு மோதல் இல்லாததால் இது அந்த வகையில் சேராது என்று கீழே உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. சட்டம் கேட்பது ஆட்களுக்கிடையே உடல் தொடர்பு, எதிரணியோடு என்று சட்டத்தில் இல்லை. தூக்குவதும் எறிவதும் பிடிப்பதும் உடல் தொடர்பில்லாமல் நடக்காது என்றது. சியர்லீடிங் விளையாட்டு என்று ஆனதாலேயே அடிபட்ட பெண்ணுக்கு அந்த வழக்கு கைவிட்டுப் போனது. இந்தத் தீர்ப்பைச் சியர்லீடிங்குக்குக் கிடைத்த வெற்றியாகக் கொண்டாடியவர்கள் அதையும் சேர்த்துப் படித்திருக்க வேண்டும்.

இரண்டாவது கனெக்டிகட்டில் குவினிபியாக் பல்கலைக்கழகம் தொடர்பானது. 2009-இல் பணநெருக்கடியைச் சொல்லிப் பல்கலைக்கழகம் பெண்கள் வாலிபால் அணியைக் கலைக்க முடிவு செய்தது. அதே மூச்சில் போட்டி சியர் அணியொன்றை அதிகாரபூர்வ விளையாட்டு அணியாக உயர்த்தியது. வாலிபாலைவிடச் சியரில் தலைக்குச் செலவு குறைவு, சேரும் பெண்களின் எண்ணிக்கை அதிகம். வாலிபால் ஆடிய பெண்களும் அவர்களின் பயிற்சியாளரும் நீதிமன்றம் போனார்கள். 2010 ஜூலையில் நீதிபதி ஸ்டெஃபன் அண்டர்ஹில், டைட்டில் நைன் கணக்குக்கு அந்தச் சியர் அணியின் முப்பது பேரை விளையாட்டு வீராங்கனைகளாகச் சேர்க்க முடியாது என்று தீர்ப்பளித்தார். 2012 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

பெண்களின் விளையாட்டை ஒரு நீதிபதி இளக்காரமாகப் பேசிவிட்டார் என்று பலர் கொதித்தார்கள். தீர்ப்பைப் படித்தால் அப்படி இல்லை. அந்தப் பெண்களின் உழைப்பையும் திறமையையும் நீதிமன்றம் குறைத்துப் பேசவே இல்லை. அது பார்த்தது பருவம் எப்படி நடந்தது என்பதை. ஒரே பருவத்தில் ஐந்து வெவ்வேறு மதிப்பெண் முறைகள். எதிரே வந்தவர்களில் சில இடங்களில் கல்லூரி அணி, சில இடங்களில் தனியார் கிளப் அணி, பள்ளிக்கூட அணிகளும்கூட. வென்றவர் அடுத்த சுற்றுக்குப் போகும் ஒழுங்கான படிநிலை இல்லை. மற்ற அணிகளுக்கு நடப்பதுபோல் வெளியூர் போய் அணிக்குப் புது ஆள் தேடும் வேலை நடக்கவில்லை. பருவத்தின் கடைசிப் போட்டியில் கூட்டத்தைக் கோஷம் போட வைப்பதற்கே மதிப்பெண் இருந்தது; அந்த மதிப்பெண்ணைப் பெற இவர்கள் பாம்பாமையும் அட்டைகளையும் கையில் எடுக்க வேண்டியிருந்தது. என்றைக்காவது இது அங்கீகாரத்துக்குத் தகுதி பெறலாம், ஆனால் இன்னும் அங்கே வந்து சேரவில்லை என்றுதான் தீர்ப்பு சொன்னது.

அந்தத் தீர்ப்பு சரி என்பது என் உறுதியான கருத்து. ஒரு வருடம் ஓட்டப்பந்தயக்காரர் ஒருவருக்கு ஒரு ஊரில் நூறு மீட்டரும் அடுத்த ஊரில் நூற்றிருபது மீட்டரும் வைத்தால், பக்கத்துத் தடத்தில் பள்ளிப் பிள்ளைகளையும் நிறுத்தினால், அவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அதை யாரும் முறையான பந்தயம் என்று ஏற்க மாட்டார்கள். குற்றம் ஓடுகிறவர் மேல் இல்லை, நடத்துகிறவர்கள் மேல். அதோடு, இருக்கிற ஒரு பெண்கள் அணியைக் கலைக்கும் செலவுக் கணக்குக்கு இன்னொரு பெண்கள் அணியைக் கருவியாக்குவது இரு அணிக்குமே செய்யும் அநியாயம். வாலிபால் அணி காப்பாற்றப்பட்டது.

காயங்களைப் பற்றிப் பேசாமல் இந்தக் கேள்விக்குப் பதில் முழுமை பெறாது. இந்த விஷயத்தில் நான் மிகவும் கவலைப்படுவதும் இதைத்தான். பொதுவாகப் பார்த்தால் சியர்லீடிங்கில் காயம் குறைவு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் ஐந்து ஆண்டுத் தரவுகளை வைத்து 2016-இல் வந்த ஆய்வு ஒன்றில், ஓர் ஆள் ஒரு பயிற்சியிலோ போட்டியிலோ இறங்குவதை ஒன்றாக எண்ணினால், ஆயிரத்துக்கு 0.71 காயம்தான். கணக்கெடுத்த 22 விளையாட்டுகளில் 18-ஆவது இடம். ஆனால் காயப்பட்டவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தால் படம் மாறுகிறது. காயங்களில் பாதிக்கு மேல் தூக்கல்களில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மூளை அதிர்ச்சி. பல வாரம் ஒதுங்க வேண்டிய அளவுக்குப் பெரிய காயங்களின் விகிதத்தில் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு அடுத்த இடம். உயிர் போவது, உடம்பு செயலிழப்பது போன்ற கொடிய காயங்களை மட்டும் எடுத்தால் இன்னும் பயம்: 1982 முதல் கால் நூற்றாண்டுக்கும் மேலான பதிவுகளில், உயர்நிலைப் பள்ளிப் பெண்களின் விளையாட்டில் நேர்ந்த அத்தகைய காயங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சியர்லீடிங்கில் நடந்தவை. பங்கேற்பவர்கள் மிக அதிகம் என்பதும் இதற்கு ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டுமே காரணமாக முடியாது.

இதைப் பார்த்துத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012-இலும், அமெரிக்க மருத்துவச் சங்கம் 2014-இலும் சியர்லீடிங்கை விளையாட்டாக அறிவிக்கும்படி கேட்டன. சியர்லீடிங்குக்கு மகுடம் சூட்டும் எண்ணமெல்லாம் மருத்துவர்களுக்கு இல்லை. விளையாட்டென்று ஆனால் தகுதியுள்ள பயிற்சியாளர், மேட், மருத்துவ உதவி, காயக் கணக்கு எல்லாம் தானாக வரும் என்பதே அவர்கள் கணக்கு. விதியால் பலன் கிடைக்கும் என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2006-07 வாக்கில் கூடைப்பந்துத் தளம் போன்ற கெட்டித் தரையில் பேஸ்கட் டாஸ் போடத் தடை வந்தது. கோபுரத்தின் உயரத்துக்கும் பள்ளி அணிகளுக்கு ஓர் அளவு, கல்லூரி அணிகளுக்கு ஓர் அளவு என்று வரம்பு இருக்கிறது. தடைக்குப் பிந்திய ஆண்டுகளில் கொடிய காயங்கள் நன்றாகவே குறைந்தன.

குவினிபியாக் தீர்ப்பு சுட்டிக்காட்டிய குறைகளைச் சிலர் மனதில் வாங்கிக்கொண்டு வேலையில் இறங்கினார்கள். அதிலிருந்து இரண்டு புதிய வடிவங்கள் வந்தன. ஒன்று 'அக்ரோபேட்டிக்ஸ் அண்ட் டம்ப்ளிங்'. பேலர், ஓரிகன், மேரிலாந்து, குவினிபியாக் உட்பட ஆறு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கியது. பாம்பாம் கிடையாது, கூட்டத்தைப் பார்த்துக் கூவுவது கிடையாது. ஜிம்னாஸ்டிக்ஸ் உடையில் ஆறு பிரிவுகளில் நேருக்கு நேர் போட்டி. மற்றது 'ஸ்டண்ட்'. இரண்டு அணிகள் ஒரே தரையில், ஒரே நேரத்தில், ஏற்கெனவே வகுத்துக் கொடுத்த ஒரே வரிசையைச் செய்கின்றன. யார் சுத்தமாகச் செய்தார்களோ அவர்களுக்குப் புள்ளி. ஜோடித் தூக்கல்கள், கோபுரமும் எறிதலும், தாவலும் கரணமும், பிறகு முழு அணிச் சுற்று என்று நான்கு கால்பகுதிகள். பார்ப்பவருக்குக்கூட யார் முந்துகிறார்கள் என்று தெரியும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, பெண்களுக்கான வளரும் விளையாட்டுகளின் பட்டியலில் முதலாவதை 2020-இலும் ஸ்டண்டை 2023-இலும் சேர்த்துக்கொண்டது. சியர்லீடிங் என்ற பெயரில் அந்தப் பட்டியலில் எதுவும் இல்லை. உடம்பு செய்வது ஏறக்குறைய அதே காரியம். போட்டியின் அமைப்பு மாறியதும் அங்கீகாரமும் வந்துவிட்டது. என் அளவுகோல்களுக்கு இதைவிடத் தெளிவான ஆதாரத்தை என்னால் காட்ட முடியாது.

உலக அரங்கில் நிலைமை வேறு. 2004-இல் அமைந்த சர்வதேச சியர் ஒன்றியத்துக்கு ஒலிம்பிக் குழு 2016 டிசம்பரில் தற்காலிக அங்கீகாரமும், 2021 ஜூலையில் டோக்கியோ கூட்டத்தில் முழு அங்கீகாரமும் கொடுத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் அதற்கு உறுப்புச் சங்கங்கள் இருக்கின்றன. இதைக் கேட்டதும் "அப்படியானால் ஒலிம்பிக்கில் வந்துவிட்டதா?" என்று கேட்பார்கள். வரவில்லை. அங்கீகாரம் என்பது வாசலுக்குள் விட்டது மட்டும், பந்தியில் இலை போட்டது ஆகாது. சதுரங்கமும் அதே நிலையில்தான் இருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டிக்குக் கூடுதலாகச் சேர்த்த ஐந்தில் கிரிக்கெட், ஸ்குவாஷ், லாக்ராஸ், பேஸ்பால்-சாஃப்ட்பால், ஃபிளாக் கால்பந்து இருக்கின்றன. சியர்லீடிங் தன் தாய்நாட்டில் நடக்கும் ஒலிம்பிக்கில்கூட இல்லை.

வெளியே அதிகம் பேசப்படாத ஒன்றையும் சொல்லவேண்டும். சியர்லீடிங்குக்குள் இருப்பவர்களிலேயே கணிசமானோர் விளையாட்டு அந்தஸ்தை விரும்புவதில்லை. அவர்கள் சொல்லும் காரணங்களை அலட்சியப்படுத்த முடியாது. விளையாட்டென்று ஆனால் பருவத்துக்குத் தொடக்கமும் முடிவும் வரும். ஆண்டு முழுவதும் சேர்ந்து பழக முடியாது. கோடை முகாம்களுக்கும் வெளி மாநிலப் போட்டிகளுக்கும் பல மாநிலச் சங்கங்களின் விதிகள் குறுக்கே நிற்கும். பள்ளியின் மற்ற ஆட்டங்களுக்குப் போய் நிற்பது தங்கள் அடையாளம், அதை விட்டுக்கொடுக்க மனமில்லை என்பவர்களும் இருக்கிறார்கள்.

இதில் பணமும் இருக்கிறது. ஜெஃப் வெப் தொடங்கிய நிறுவனம் வளர்ந்து வார்ஸிட்டி என்ற பெயரில் முகாம், சீருடை, போட்டி மூன்றையும் பெருமளவு தன் கையில் வைத்துக்கொண்டது. சர்வதேச ஒன்றியத்தின் தலைவராகவும் அதே வெப் இருந்தார். சந்தையை முடக்குகிறது என்று தொடுக்கப்பட்ட இரண்டு வழக்குகளில் அந்நிறுவனத் தரப்பு 43.5 மில்லியன் டாலரும் 82.5 மில்லியன் டாலரும் தந்து சமரசம் செய்துகொண்டது. விதி வகுப்பவரும் போட்டி நடத்துபவரும் உடை விற்பவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால், பருவத்தைச் சுருக்கி முகாம்களைக் குறைக்கும் ஒரு மாற்றத்துக்கு உள்ளிருந்து அவசரம் எங்கிருந்து வரும்?

மாநிலங்கள் தாமாக முன்வந்த இடங்களில் இந்தத் தேக்கம் உடைந்திருக்கிறது. மிச்சிகன் 1990-களிலேயே போட்டி சியரைப் பெண்களின் பள்ளி விளையாட்டாக எடுத்துக்கொண்டு மாநிலச் சாம்பியன்ஷிப் நடத்தத் தொடங்கியது. நியூயார்க் 2014-இல் அங்கீகரித்தது. கலிபோர்னியா 2015-இல் சட்டமே போட்டது. இங்கெல்லாம் ஓரத்தில் நிற்கும் சியரைத் தனியாக வைத்துவிட்டு, போட்டி சியரை விளையாட்டு வரிசையில் சேர்த்தார்கள். ஒரே பெண் இரண்டிலும் இருக்கலாம், ஆனால் போட்டி அணிக்கு அதன் பருவம், அதன் விதி, அதன் பயிற்சியாளர். மற்ற மாநிலங்களிலும் இப்படியே பிரித்துச் செய்யவேண்டும் என்பதுதான் என் கருத்து. இரண்டையும் கலந்தே வைத்திருக்கும் பள்ளிகளும்கூட, அங்கீகாரம் வரும்வரை காத்திராமல் மேட்டையும் தகுதியுள்ள பயிற்சியாளரையும் இந்தப் பருவத்திலேயே கொடுக்கலாம். அதற்கு எந்தத் தீர்ப்பும் தடை போடவில்லை.